பத்து, நாலைவிடச் சின்னது

தாயில்பட்டி,
11.8.2025

ஆஷ்லினுக்கு,

உன் அண்ணன் யோபு எழுதுவது. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். எழுதும்போது கோபம் கொஞ்சம் மெதுவாக வருகிறது.

எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு அந்த சைரன் புரோகிராமை எழுதிக் கொடுக்க உன்னை யார் கேட்டது? முதலாளி கேட்டார் என்பாய். கேட்டால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? கேட்டில் உட்கார்ந்து ஆள் கணக்கு எழுதுகிறவன் நான். மருந்து அடைக்கிற ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நீ கண்டுபிடித்த சட்டமா? நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோதே நான் அதைக் காவல் காத்தவன். இப்போது நான் ரூம் ரூமாகப் போய்த் தலையை எண்ணி, திரும்பி வந்து, உன் கம்ப்யூட்டரிடம் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. நாலுக்கு மேல் போட்டால் கேட்டுக் கம்பத்தில் இருக்கிற சைரன் அலறுகிறது.

அலறட்டும். ரூமில் ஐந்து பேர் இருந்தால் அது அலறுவது நியாயம். என் சண்டை அதற்கில்லை. பேக்கிங் ஹாலுக்கு ஏன் அலறுகிறது? அங்கே மருந்தே கிடையாது, பெட்டி ஒட்டுகிற இடம். இருபது பேர் வரைக்கும் இருக்கலாம். நேற்று முன்தினம் பன்னிரண்டு என்று அடித்தேன். அடித்ததுதான் தாமதம், ஊரே கேட்கிற மாதிரி ஊளை. ரூம்களில் இருந்த பெண்கள் எல்லாம் பதறி ஓடிவந்தார்கள். வள்ளித்தாய் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். முதலாளி அத்தனை பேர் முன்னால், "ஏலே யோபு, ஒன் தங்கச்சி அம்புட்டுப் படிப்பு படிச்சும் ஹாலுக்கும் ரூமுக்கும் வித்தியாசம் தெரியாதாலே?" என்று கேட்டார். உன்னால் என் மானம் கப்பலேறியது.

ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனி அளவு வைக்கிற மாதிரி மாற்றிக் கொடு. சைரனைக் கழற்றவும் முடியாது. போன ஆய்வில் வந்த அதிகாரிகள்தான் அதை வைக்கச் சொன்னார்கள்.

உன் மதினி முறுக்கு கொடுத்தனுப்பச் சொன்னாள். வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை.

யோபு

கோயம்புத்தூர்,
14.8.2025

அண்ணனுக்கு,

உங்கள் கோபம் கவருக்குள் அடங்காமல் வந்து சேர்ந்தது. லோடு கொண்டுவந்த பாண்டிச்செல்வம் அண்ணன்தான் கையில் கொடுத்தார். அவரிடமாவது முறுக்கைக் கொடுத்தனுப்பியிருக்கலாம்.

நீங்கள் கேட்டது நியாயமான மாற்றம். செய்துவிட்டேன். முன்பு நாலு என்ற அளவைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருந்தேன். அது ஹாலுக்கும் பொருந்தும் என்று நினைத்தது என் அறிவீனம். வள்ளித்தாய் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். இனி ஒவ்வொரு ரூம் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் அந்த ரூமுக்கு உரிய அளவு, இரண்டாவதில் நீங்கள் எண்ணிய ஆள். முதல் கட்டத்தை நீங்களே ஒருமுறை நிரப்பிவிடுங்கள்.

சோதித்துப் பார்த்துத்தான் தருகிறேன். ரூமுக்கு ஐந்து போட்டேன், அடித்தது. ஆறு போட்டேன், அடித்தது. மூன்றுக்கு அடிக்கவில்லை. ஹாலுக்கு இருபத்தைந்து போட்டேன், அடித்தது. பதினைந்துக்கு அமைதி. சரியாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் கேட்காமல் ஒப்புக்கொண்டது தப்பு என்கிறீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். மதினி அந்த ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், அண்ணே. ஒவ்வொரு சீசனிலும் வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிவிபத்து என்று செய்தியில் வாசித்தால், இறந்தவர்கள் பட்டியலில் மதினி பெயரைத்தான் முதலில் தேடுகிறேன். முதலாளி கேட்டதும் நான் ஓடிப்போய்ச் சரி என்று சொன்னதற்கு அதுதான் காரணம். நீங்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் போனை அடைத்து வைத்தது எனக்கு வலிக்கிறது.

ஆஷ்லின்

தாயில்பட்டி,
2.9.2025

ஆஷ்லினுக்கு,

நீ மாற்றிக் கொடுத்த புரோகிராமுக்குப் பேய் பிடித்திருக்கிறது. ஹாலுக்கு இருபது என்று அளவு போட்டிருக்கிறேன். பதினைந்து பேர் இருந்தால் சும்மா கிடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ஆள் குறைந்து ஒன்பது என்று போட்டால் ஊளையிடுகிறது. கூட்டம் குறைந்தால் கத்துகிற சைரனை உலகத்தில் நீ ஒருத்திதான் செய்திருப்பாய். முதலாளி சிரித்தார். அவர் கத்தினாலும் தாங்குவேன், சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கிறுக்கினால் ஒரு நன்மையும் உண்டானது. எங்கள் போர்மேன் முனியராஜ் விவரமான ஆள், உனக்குத் தெரியும். மழைக்கு முன்னால் ஆர்டரை முடிக்க வேண்டும் என்று ரூமுக்கு ஆறு பேர், ஏழு பேர் என்று உட்காரவைத்துப் பார்த்தான். நான் எண்ணியதை எண்ணியபடி போட்டேன். சைரன் அடித்தது. எங்களுக்குள் சண்டை. "நாலுன்னு போட்டுத் தொலைங்களேன், விரல் தேஞ்சா போயிரும்?" என்றான். பொய்க் கணக்குப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் ஹாலில் நடக்கிற கூத்தை அவன் கவனித்தான். "ஆள் கொறஞ்சாத்தான இது கத்துது? அப்ப கூட்டிப் பாப்போம்" என்று ஏழாம் ரூமில் பத்துப் பேரை உட்காரவைத்தான். நான் பத்து என்று உள்ளபடியே அடித்தேன். சத்தமே இல்லை.

இப்போது நாலு ரூமில் பத்துப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் உண்மையான எண்ணைத்தான் போடுகிறேன். மெஷின் ஒத்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் எடுக்கிற அறிக்கையில் சைரன் அடித்த விவரம் மட்டும்தான் வருகிறது, அதில் இந்தப் பத்து ஏறவே இல்லை. ஒருவேளை சீசனுக்கென்று நீயே ஏதாவது தளர்த்தி வைத்தாயோ என்று நினைத்தேன். அப்படியானால் நன்றி. ஹாலை மட்டும் சரிசெய்து கொடு.

முறுக்கு இத்துடன் இருக்கிறது.

யோபு

கோயம்புத்தூர்,
4.9.2025

அண்ணே,

அந்த ரூம்களிலிருந்து ஆட்களை வெளியே எடுங்கள். இந்தக் கடிதத்தை வாசித்து முடிப்பதற்கு முன்பே போய் எடுங்கள். மீதியைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

நான் எதையும் தளர்த்தவில்லை. நடந்திருப்பது என் பிழை. நான் புரோகிராம் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், ஒரு கட்டத்தில் நீங்கள் தட்டுகிற எதுவும் முதலில் எழுத்தாகத்தான் உள்ளே போகும், எண்ணாகப் போகாது. அதை எண்ணாக மாற்று என்று நாம் சொல்ல வேண்டும். முன்பு நாலு என்பது புரோகிராமுக்குள் எண்ணாகவே இருந்தது. ஒரு பக்கம் எண் இருந்ததால் மறுபக்கத்தையும் அது எண்ணாக்கி ஒப்பிட்டது, பிழை தெரியவில்லை. நீங்கள் கேட்டபடி அளவையும் கட்டத்திலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். இப்போது இரண்டும் எழுத்து. இரண்டு எழுத்தை ஒப்பிடச் சொன்னால் அது பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்துகிற மாதிரி முதல் எழுத்தைத்தான் பார்க்கும், அது ஒன்றாக இருந்தால்தான் அடுத்ததைப் பார்க்கும். பத்தில் முதலில் நிற்பது ஒன்று. ஒன்று, நாலுக்கு முன்னால் வருகிறது. ஆகவே அதன் கணக்கில் பத்து, நாலைவிடச் சின்னது. ஹாலில் ஒன்பது பேருக்கு அலறியதும் இதனால்தான். ஒன்பது, இருபதின் முதல் எழுத்தான இரண்டைவிடப் பெரியது. நான் போட்டுப் பார்த்த எண்கள் எல்லாம் தற்செயலாகச் சரியாக வந்துவிட்டன.

மெஷின் ஒத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒன்றும் தெரியாது, அண்ணே. பத்துப் பேர் என்றால் என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த ரூமின் அகலம் தெரியும், ஒரே ஒரு கதவுதான் உங்கள் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே நன்றி எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

இதை இங்கிருந்தே ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். திருத்தக் கை போய்விட்டது. அப்புறம் பயந்து நிறுத்திக்கொண்டேன். பெண்கள் மருந்துத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அடுத்த முறை நீங்கள் பத்து என்று தட்டினால் சைரன் அலறும். பத்துப் பேரும் ஒரே கதவுக்கு எழுந்து ஓடினால் என்ன ஆகும்? தட்டு சரிந்தால், காலில் உரசினால்? வள்ளித்தாய் அக்காவுக்கு முட்டியோடு போனது. அதனால் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் யாரும் இல்லாதபோது திருத்துகிறேன். அதற்குள் நீங்கள் ஆட்களைக் குறைத்துவிடுங்கள்.

மதினியின் போனுக்கு அழைத்தேன். பகலில் எல்லார் போனையும் போல அதுவும் கேட்டுப் பெட்டியில் கிடக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு எடுத்தார்கள். "ஒங்க அண்ணன்கிட்டப் பேசிக்கிடுங்கம்மா, உங்க ரெண்டு பேரு சண்டைக்குள்ள நான் வரல" என்று வைத்துவிட்டார்கள். மதினி எந்த ரூமில் இருக்கிறார்கள்? பாண்டிச்செல்வம் அண்ணன் லாரியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார். உடனே பதில் கொடுத்தனுப்புங்கள்.

ஆஷ்லின்

தாயில்பட்டி,
6.9.2025

ஆஷ்லினுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். திருத்தாதே.

நீ ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறாய். இங்கே என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். திங்கட்கிழமை பத்து என்று நான் அடித்தால் சைரன் அடிக்கும். மாத அறிக்கையில் ரூமுக்குப் பத்துப் பேர் என்று ஏறும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்தால் பூட்டி சீல் வைப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் இத்தனை பெண்களும் வீட்டில் போய் உட்கார வேண்டும். அவர்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டும், நீ விழிக்க மாட்டாய். அவர்களும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. "சீசன் முடியட்டும் சார்வாள், நாங்க என்ன புதுசாவா வேல பாக்கோம்?" என்று என்னிடமே சொல்கிறார்கள்.

முனியராஜிடம் ஆட்களைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன். "ஒங்க தங்கச்சி சொன்னா ஒங்க வீட்டுல போயிக் கொறைங்க" என்றான். முதலாளியிடம் போனேன். அவர் காதிலேயே வாங்கவில்லை, சிவகாசிக்குக் கிளம்பிவிட்டார். இதற்கு மேல் நான் என்ன செய்ய? நான் எண்ணுகிறவன். உட்காரவைக்கிறவன் வேறு ஆள்.

ஐந்தையும் ஆறையும் போட்டுப் பார்த்தவளுக்குப் பத்தைப் போட்டுப் பார்க்க என்ன கேடு? அன்றைக்கே பார்த்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பிழையைச் செய்தது நீ. ஆத்திரம் மட்டும் என் மேல் வருகிறது.

மதினி எந்த ரூம் என்று கேட்டாய். ஏழாம் ரூம். முதலில் பத்துப் பேரை உட்காரவைத்தானே, அதே ரூம். அவள் கதவுக்கு எதிர்ச் சுவர் ஓரம் உட்காருகிறாள். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கர்த்தர் இத்தனை சீசன் காத்தார், இதையும் காப்பார் என்று இருக்கிறேன். தீபாவளி வரைக்கும் விட்டுவிடு. அதன் பிறகு நீ என்ன வேண்டுமானாலும் திருத்து.

யோபு

கோயம்புத்தூர்,
7.9.2025

அண்ணனுக்கு,

திருத்திவிட்டேன். நீங்களும் மதினியும் ஆராதனையில் இருந்த நேரத்தில் செய்தேன். இரண்டு கட்டத்தையும் எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிடும்படி எழுதிவிட்டேன். கட்டம் காலியாக இருந்தாலோ எண் அல்லாதது இருந்தாலோ ஏற்றுக்கொள்ளாமல் திரும்பக் கேட்கும். இந்த முறை பத்து, பதினொன்று, நூறு வரைக்கும் போட்டுப் பார்த்தேன்.

பத்தை ஏன் முதலிலேயே போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. எண் என்று நினைத்திருந்தால் போட்டிருப்பேன். நான் அந்த ரூமை நினைத்தேன், அண்ணே. சின்ன வயதில் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்த அதே ரூம். நாலு பேர் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கும். ஐந்தாவது ஆளை நுழைப்பார்கள், ஆறாவது ஆளைக்கூட நுழைப்பார்கள் என்று நினைத்தேன். பத்து என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மனிதர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் மோசமாக நினைத்திருக்க வேண்டும்.

நாளைக்கு வேலை தொடங்கும்போது நீங்கள் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பத்து என்று தட்டலாம், அடிக்கும். நாலு என்று தட்டலாம், அடிக்காது. நாலு என்று பொய் சொல்கிற மனிதனைப் பிடிக்கிற புரோகிராமை என்னால் எழுத முடியாது. யாராலும் முடியாது. இத்தனை நாள் என் பிழைக்குப் பின்னால் நீங்கள் நல்லவராக நின்றுகொண்டிருந்தீர்கள். இப்போது அந்த மறைப்பு இல்லை. இப்படி எழுதுவதற்கு என்னை மன்னிக்க வேண்டாம்.

தட்டுவதாக இருந்தால் மருந்து ரூமுக்கு வருவதற்கு முன்னால் தட்டுங்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனிக் கணக்கு தினமும் எனக்கும் வரும்படி இன்றைக்கு மாற்றிவிட்டேன். புதன் வரைக்கும் உண்மையான எண் வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் வியாழக்கிழமை கேட்டில் வந்து நிற்பேன், ஆய்வு அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுப்பேன். உங்கள் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மதினி எதிர்ச் சுவர் ஓரம் உட்காருகிறார்கள் என்று எழுதிவிட்டு, தீபாவளி வரை பொறு என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிந்தது?

ஆஷ்லின்

தாயில்பட்டி,
14.9.2025

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

நீ கணக்கைப் பார்த்திருப்பாய். திங்கட்கிழமை நாலு. செவ்வாய்க்கிழமையும் நாலு. அதைத் தட்டியது நான்தான். கர்த்தர் என்னை மன்னிப்பாராக. பக்கத்தில் முனியராஜ் நின்றான் என்று சொல்லலாம், ஆனால் விரல் என்னுடையது. நாலைத் தட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ கம்பெனியில் செய்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காற்றில் ஒரு தகரம் ஆடினாலும் எழுந்து எழுந்து ஏழாம் ரூம் பக்கம் பார்த்தேன்.

முனியராஜ் சும்மா இருந்திருக்கலாம். ரூமில் போய், "பயப்படாம வேல பாருங்க, நாலு பேருன்னு போட்டாச்சு, சங்கடமே இல்ல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை வீட்டில் சோறு போடும்போது உன் மதினி கேட்டாள்.

"நாலுன்னு போட்டீகளாமே?"

"ஆமா."

"அந்த நாலுல நான் உண்டா?"

எனக்கு விளங்கவில்லை. சும்மா ஒரு எண்ணுதானே, அதில் யார் என்றெல்லாம் கிடையாது என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "இல்ல, ஒண்ணு ஆகிப்போச்சுன்னு வைங்க. ரூமுக்குள்ள பத்துப் பேரு கிடப்போம். ஒங்க கணக்குல நாலு பேருதான் வேலைக்கு வந்தோம். மீதி ஆறு பேரும் அங்கன எதுக்குப் போனாளுகன்னு கேட்டா என்ன சொல்லுவீக? அதுல நான் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லா இருக்கும்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆஷ்லின், நான் நாலு என்று தட்டியபோது அந்தப் பத்துப் பேரில் ஆறு பேரை உயிரோடு இருக்கும்போதே அழித்துவிட்டேன். என் மனைவி எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. நீ எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் கேட்டபோது பயம் வந்தது.

புதன்கிழமை நேரத்தோடு போனேன். முனியராஜ் மருந்து எடுத்துவரக் கலவை ரூமுக்குப் போயிருந்தான். ஏழாம் ரூம் வாசலில் நின்று, "கையில ஒண்ணும் எடுக்காதீக. இப்ப சைரன் அடிக்கும். ஓடாம ஒவ்வொருத்தரா வெளிய வாங்க" என்றேன். மற்ற மூன்று ரூமிலும் சொன்னேன். "எங்க பொழப்புல மண்ணப் போடுதீகளே" என்று வள்ளித்தாய் கத்தினாள். உன் மதினி சுவரோரம் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தாள். கேட்டுக்கு வந்து பத்து என்று தட்டினேன். முன்பு கேட்ட அதே சத்தம்தான், ஆனால் இந்த முறை நானே அடித்த மாதிரி இருந்தது.

ஓடாமல்தான் வந்தார்கள். கடைசியாக வந்தது உன் மதினி. முதலாளி வந்தார். முனியராஜ் என் சட்டையைப் பிடித்தான், விலக்கிவிட்டார்கள். சைரன் அடித்தது கணக்கில் ஏறிவிட்டதால் முதலாளிக்கு வேறு வழி இல்லை. மறுநாளிலிருந்து ரூமுக்கு நாலு பேர்தான். கூடுதலாக இருந்தவர்களை சீசன் முடியும் வரை நிறுத்திவிட்டார்கள். என்னை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்டுச் சாவியைக் கொடுக்கும்போது அழுதுவிட்டேன், அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். தெருவில் போனால் நிறுத்தப்பட்ட பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஏழாம் ரூமுக்கு வைத்துக்கொண்ட நாலு பேரில் உன் மதினி ஞானபூரணி இல்லை. என்னால்தான் தன்னை நிறுத்தினார்கள் என்று அவளுக்கு ஆத்திரம். கேள்வியைக் கேட்டதும் அவள்தான், கோபப்படுகிறதும் அவள்தான். புதன்கிழமையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுதும்போதுகூட அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சத்தம் நிற்காமல் இருந்தால் போதும் என்று இருக்கிறது.

நீ கிளம்பி வா, அம்மா.

உன் அண்ணன்
யோபு